நுரைச்சோலையின் கணக்கில் மலையகம்

(ஹட்டனில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



நிலக்கரி மின்நிலையத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னபோது, அதைப் புத்தளத்தில் அல்லவா பேச வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இலங்கையின் ஒரே நிலக்கரி மின்நிலையம் நுரைச்சோலையில், கற்பிட்டித் தீபகற்பத்தின் கடலோரத்தில் நிற்கிறது. அரசு அதற்கு வைத்த பெயர் லக்விஜய. 300 மெகாவாட் அலகுகள் மூன்று, மொத்தம் 900 மெகாவாட். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. இங்கே கரியும் இல்லை, கடலும் இல்லை. பிறகு ஏன் ஹட்டனில் இந்தப் பேச்சு?

என் பதிலையே இந்தச் சொற்பொழிவின் கருத்தாக வைக்கிறேன். நுரைச்சோலையும் மலையகத்தின் நீர்த்தேக்கங்களும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பாகங்கள். மலையகத்து நீர் போதாமல் போனபோதுதான் கரி வந்தது. வந்த பிறகும் அந்த நீரை நம்பியே கரி இயங்குகிறது. ஆகவே நுரைச்சோலையை விரிவாக்குவதா, அப்படியே வைத்திருப்பதா, படிப்படியாக மூடுவதா என்று எடுக்கும் ஒவ்வொரு முடிவும் காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை நீர்த்தேக்கங்களைப் பற்றிய முடிவுதான். அந்த விவாதத்தில் மலையக மக்கள் பங்காளிகள். இதுவரை எவரும் அவர்களை அப்படி அழைத்ததில்லை. இதை ஆறு கூறுகளாகச் சொல்கிறேன்.

1. முதலில் கரி, பிறகு நீர்

நிலக்கரி மலையகத்துக்குப் புதிதல்ல. 1884இல் ரயில் பாதை ஹட்டனுக்கு வந்தது, அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கு ஏறியது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கிய நீராவி இயந்திரங்கள் கப்பலில் வந்த கரியைத்தான் எரித்தன. இந்த மலைகளின் பொருளாதாரம் தொடக்கத்திலேயே கடல் கடந்து வந்த எரிபொருளோடு கட்டப்பட்டிருந்தது.

அந்தக் கட்டிலிருந்து விடுபட வழியுண்டு என்று சொன்னவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1912இல் நுவரெலியா நகருக்காக பிளக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதில் அவர் பங்கு உண்டு. 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் அவர் வாசித்த கட்டுரை, களனி கங்கையின் தலைநீர்களான கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் மலைச்சரிவில் விழும் இடத்தில் நாட்டுக்கே போதுமான மின்சாரம் இருக்கிறது என்று கணக்கோடு காட்டியது. அங்கே லக்சபான நீர்மின் நிலையத்தின் வேலை 1924இல் தொடங்கியது, 1927இல் நிறுத்தப்பட்டது. நிலையம் மின்சாரம் தந்தது 1950இல்தான். கட்டுரைக்கும் மின்சாரத்துக்கும் இடையே 32 ஆண்டுகள்.

1950 என்ற ஆண்டைச் சற்று நிறுத்திப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியிருந்தது. நாட்டுக்கு ஒளி கொடுக்கும் நீர் எந்த மலையிலிருந்து இறங்கியதோ, அந்த மலையில் உழைத்தவர்களுக்கு அந்த நாட்டில் குடியுரிமை இல்லை. அடுத்த கட்டமும் இதே வரிசையில்தான் வந்தது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேரை இங்கே வைத்துக்கொள்ளவும் தீர்மானித்தது. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும் விமலசுரேந்திர மின்நிலையமும் வந்தன. 1969இல் மவுசாகலை அணையும் பொல்பிட்டிய நிலையமும், 1974இல் புதிய லக்சபானவும், 1980களில் கென்யன் நிலையமும் வந்தன. ஒரு பக்கம் அணை நிறைந்துகொண்டிருந்தது. மறுபக்கம் தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் குடும்பங்கள் ஏறிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே பள்ளத்தாக்கில் நடந்தவை. ஆனால் நம் மின்சார வரலாற்று நூல்கள் முதலாவதை மட்டும் எழுதுகின்றன.

மவுசாகலையின் நீருக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரம் இருக்கிறது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்களின் சிதைவுகள் வெளியே தெரியும். பத்திரிகைகள் அவற்றைப் படம் பிடித்துப் போடுகின்றன. அதே பள்ளத்தாக்கின் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளில், வெகுகாலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது என்பதற்குப் படம் எதுவும் கிடையாது. இந்த மண்டபத்தில் ஐம்பது வயதைத் தாண்டியிருப்பவர்கள் பலர் அந்த விளக்கில் படித்தவர்கள். கூரைக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பி போகும், கூரைக்குக் கீழே மண்ணெண்ணெய்ப் புகை. ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் மின்சாரம் இருந்தது. லயத்துக்கு அது மெதுவாக, தோட்டந்தோட்டமாக வந்தது.

2. நீர் போதாமல் போன ஆண்டு

1995இல் நாட்டின் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் நீரிலிருந்து கிடைத்தது. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என்று மகாவலித் திட்டத்தின் பெரிய அணைகள் 1980களில் வந்து சேர்ந்திருந்தன. பெரிய ஆறுகளில் எடுக்கக்கூடியதில் பெரும்பகுதியை எடுத்தாகிவிட்டது. 1996இல் மழை பொய்த்தது. நாடு முழுவதும் பல மணி நேர மின்வெட்டு. வீட்டு விளக்கோடு நின்றுவிடாமல் தொழிற்சாலை, மருத்துவமனை, நீர்விநியோகம் எல்லாவற்றையும் அது தொட்டது.

அவசரத்துக்கு எண்ணெயில் இயங்கும் நிலையங்கள் அடுத்தடுத்து வாங்கப்பட்டன. அவற்றின் மின்சாரம் விலை மிகுந்தது. இலங்கை மின்சார சபையின் திட்டமிடலாளர்களோ நிலக்கரியைத்தான் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1980களில் திருகோணமலை பேசப்பட்டுக் கைவிடப்பட்டது. 1990களில் நுரைச்சோலை வந்தது. மீனவர்களும், தலவில் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு ஆபத்து என்று அஞ்சிய கத்தோலிக்கத் திருச்சபையும் எதிர்த்ததால் அதுவும் தள்ளிப்போனது. இறுதியில் 2006இல் வேலை தொடங்கியது. பணம் சீன எக்சிம் வங்கியின் கடன். கட்டியது சீன இயந்திரப் பொறியியல் கூட்டுத்தாபனம். முதல் அலகு 2011 மார்ச்சில் திறக்கப்பட்டது. மற்ற இரண்டும் சேர்ந்து நிலையம் முழுமை பெற்றதை 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் கொழும்புக்கு வந்தபோது விழாவாகக் கொண்டாடினார்கள். மூன்று அலகுகளுக்கும் ஆன செலவு ஏறத்தாழ 135 கோடி அமெரிக்க டொலர்.

நாட்டின் முதல் நிலக்கரி நிலையம் கட்டப்பட்ட அதே ஆண்டுகளில்தான் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டமும் கட்டப்பட்டது. 150 மெகாவாட், ஜப்பானியக் கடன், 2012இல் திறப்பு. மலையகக் கட்சிகளும் சூழலியலாளர்களும் நீண்ட காலம் அதை எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு வீண்போகவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திட்டம் சுருக்கப்பட்டது. சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் பகலில் குறிப்பிட்ட நேரம் நீர் விடும் ஏற்பாடு வந்தது. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் கிடைத்தன. 1960களில் மஸ்கெலியா மக்களுக்குக் கிடைக்காதது தலவாக்கலை மக்களுக்குக் கிடைத்ததற்கு, இடைப்பட்ட காலத்தில் அவர்கள் வாக்காளர்களாகியிருந்ததும், கேள்வி கேட்டதும் காரணம்.

3. ஒரே பருவக்காற்று

இனிச் சொல்லப்போவது என் வாதத்தின் நடுத்தண்டு. சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் ஆண்டுக்கு ஏறத்தாழ 22 இலட்சத்து 50 ஆயிரம் தொன் நிலக்கரியை எரிக்கின்றன. நாளொன்றுக்கு ஆறாயிரம் தொன்னுக்கு மேல். இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ரஷ்யா என்று எங்கிருந்தெல்லாமோ கப்பலில் வருகிறது. ஆனால் நுரைச்சோலையில் துறைமுகம் இல்லை. பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாது. சில கிலோமீற்றர் தொலைவில் கடலில் நங்கூரமிடும். கரியை அங்கிருந்து தட்டையான படகுகளில் மாற்றி, இறங்குதுறைக்குக் கொண்டுவந்து, ஓடும் பட்டியில் ஏற்றிக் களஞ்சிய முற்றத்துக்கு அனுப்புவார்கள்.

மன்னார் வளைகுடாவின் மறுகரையில் தூத்துக்குடியைப் பாருங்கள். அங்கே அனல்மின் நிலையம் 1979 முதல் இயங்குகிறது. ஐந்து அலகுகள், 1,050 மெகாவாட். துறைமுகத்தை ஒட்டியே கட்டப்பட்டது, கரிக் கப்பல் அலைதடுப்புச் சுவருக்குள்ளே தளத்தில் நேரே கட்டும். நுரைச்சோலையோ திறந்த கடலைப் பார்த்து நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் கடல் கொந்தளிக்கும். நடுக்கடலில் கப்பலிலிருந்து படகுக்குக் கரி மாற்ற முடியாது. ஆகவே ஏறத்தாழ செப்டெம்பர், ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரையான மாதங்களிலேயே ஆண்டு முழுவதற்குமான கரியை இறக்கிக் குவித்துவிட வேண்டும்.

அந்தத் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கடந்து இங்கே வந்து என்ன செய்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் மழையில் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான் பெய்கிறது. நோர்ட்டன் பிரிட்ஜில் வான்கதவு திறப்பதும், காசல்ரீயும் மவுசாகலையும் நிறைவதும் அப்போதுதான். கடல் மூடும் மாதங்களில் மலை திறக்கிறது. மலை வறளும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் கடல் அமைதியாகிக் கரிக்கப்பல் வருகிறது.

நல்ல ஆண்டில் இது அழகான ஏற்பாடு. பருவ மாதங்களில் நீர்மின் நிலையங்களை நிறைய ஓட்டினால் முற்றத்துக் கரியைச் சேமிக்கலாம், ஓர் அலகைப் பராமரிப்புக்காக நிறுத்தவும் செய்யலாம். கெட்ட ஆண்டில் இரண்டும் ஒன்றாகக் கைவிடும். ஜூன், ஜூலையில் மழை பொய்த்தால் கரியைக் கூடுதலாக எரிக்க வேண்டும். ஆனால் புதிய கரியை இறக்கக் கடல் விடாது. இறக்கும் காலத்தில் கேள்விப்பத்திரம் தாமதமானாலோ டொலர் இல்லாவிட்டாலோ அந்த இழப்பை மழை வந்த பிறகு ஈடுசெய்ய வழியில்லை. நுரைச்சோலையின் கொள்வனவு அதிகாரி கலண்டரைப் பார்க்கும்போது மவுசாகலையின் நீர்மட்டத்தையும் பார்த்தே ஆக வேண்டும். நான்காவதாக ஓர் அலகை அங்கே சேர்க்கும் யோசனை நெடுங்காலம் பேசப்பட்டது. துறைமுகம் இல்லாத கரையில், ஐந்து மாதம் மூடும் கடலில், இன்னும் 300 மெகாவாட்டுக்கான கரியை எப்படி இறக்குவது, எங்கே குவிப்பது என்பது அந்த விவாதத்தின் மையமாக இருந்திருக்க வேண்டும். செய்தித்தாள்களில் விலையும் கமிஷனும்தான் அதிகம் பேசப்பட்டன.

குவித்து வைக்கும் கரிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதே பருவக்காற்று கற்பிட்டியின் மணல்வெளியில் வேகமாக வீசும். கரித்தூளும் சாம்பலும் வயலிலும் கிணற்றிலும் விழுவதாகச் சுற்றியுள்ள ஊர்களின் விவசாயிகளும் மீனவர்களும் ஆண்டுதோறும் முறையிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும். நமக்கு மழையாக வருவது அவர்களுக்குக் கரித்தூசாக வருகிறது. மலையகத்தின் நியாயத்தைப் பேசும் எவரும் அவர்களின் நியாயத்தை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

4. இருளிலிருந்து எழுப்பும் நீர்

இதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். 2011இல் நாட்டின் உச்ச மின்தேவை ஏறத்தாழ 2,100 மெகாவாட். நள்ளிரவுக்குப் பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கும். இப்படிப்பட்ட சிறிய வலையமைப்பில் 300 மெகாவாட் அலகு ஒன்று திடீரென நின்றால் முழு அமைப்பும் ஆடும். கொதிகலன் மெதுவாகவே சூடாகும், மெதுவாகவே தணியும். மாலை ஏழு மணிக்கு நாடெங்கும் விளக்கு எரியும்போது கூடும் தேவையை வேகமாக ஏறி ஈடுகொடுப்பது நீர்ச்சுழலி. கரி வந்த பிறகு நம் அணைகளின் வேலை குறையவில்லை. வேலையின் தன்மை மாறியது. லக்சபானத் தொகுதியின் ஐந்து நிலையங்களும் சேர்ந்து ஒரு நுரைச்சோலை அலகைவிடச் சற்றே பெரியவை. ஆனால் அவை செய்யும் வேலையை அந்த அலகால் செய்ய முடியாது.

2016 மார்ச் 13, 2020 ஆகஸ்ட் 17, 2025 பெப்ரவரி 9 ஆகிய நாட்களில் நாடு முழுவதும் இருண்டது. முதல் இரண்டுக்கும் காரணம் உபமின்நிலையங்களில் ஏற்பட்ட கோளாறு. மூன்றாவது பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் வந்தது. மூன்று தடவையும் நுரைச்சோலை விழுந்தது, எழ நாட்கள் பிடித்தன. ஏனென்றால் ஒரு கரி அலகைத் தொடங்கவே பெருமளவு மின்சாரம் வேண்டும்: பம்பிகள், விசிறிகள், கரி அரைக்கும் ஆலைகள் எல்லாம் ஓட வேண்டும். நீர்மின் நிலையத்துக்கு வாயிலைத் திறக்கக் கொஞ்சம் மின்சாரம் போதும். இருண்ட வலையமைப்பை முதலில் எழுப்புவது மலைநீர்தான். அதன் பிறகே கரி எழுகிறது. மெகாவாட்டை மட்டும் எண்ணும் அட்டவணையில் இந்தச் சேவைக்குப் பத்தியே இல்லை.

5. கொழுந்தும் கட்டணமும்

பணத்துக்கு வருவோம். இலங்கை ஒரு கிலோ நிலக்கரியும் தோண்டுவதில்லை. ஒவ்வொரு கிலோவுக்கும் டொலர் வேண்டும். அந்த டொலரை ஈட்டித் தரும் பழைய ஏற்றுமதி தேயிலை. அண்மைய ஆண்டுகளில் தேயிலை ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி டொலர் தருகிறது. நுரைச்சோலையின் கட்டுமானச் செலவு 135 கோடி என்றேன். அதாவது நாட்டின் தேயிலை முழுவதும் ஓராண்டு ஈட்டியதற்குச் சமமான தொகையில் அந்த நிலையம் கட்டப்பட்டது. எரிபொருளுக்கும் கணக்குப் போடலாம். தொன்னுக்கு 100 டொலர் என்று வைத்தால் ஆண்டுக்கு 22 கோடியே 50 இலட்சம் டொலர். ஏறத்தாழ இரண்டு மாதத் தேயிலை. 2022இல் உக்ரைன் போரையடுத்து உலகச் சந்தையில் நிலக்கரி விலை தொன்னுக்கு 400 டொலரையும் தாண்டிய காலம் இருந்தது. நம் ரூபாயும் அதே ஆண்டில் டொலருக்கு 200 என்பதிலிருந்து 360க்கு விழுந்தது.

அந்த ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. எண்ணெய்க்கு டொலர் இல்லை, மலைநாட்டு அணைகளில் வறட்சிக்கால நீர் மட்டுமே. தேயிலை ஸ்டோரில் மின்சாரம் நின்றால் என்ன நடக்கும் என்று கொழும்பில் பலருக்குத் தெரியாது. பறித்த கொழுந்தைத் தொட்டியில் பரப்பி, கீழிருந்து விசிறிக் காற்று விட்டு, மணிக்கணக்கில் வாட்ட வேண்டும். காற்று நின்றால் கொழுந்து சூடேறிக் கருகும். உருட்டும் இயந்திரமும் சலிக்கும் இயந்திரமும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. காயவைக்கும் அடுப்புக்கு மட்டுமே விறகு. டீசல் இயந்திரம் வைத்திருந்த தொழிற்சாலைக்கும் டீசல் கிடைக்கவில்லை. இரசாயன உரத் தடையால் விளைச்சல் ஏற்கெனவே குறைந்திருந்த காலம் அது. டொலர் ஈட்டும் தொழில் மின்சாரம் இல்லாமல் நிற்கிறது, டொலர் இல்லாததால் மின்சாரம் இல்லை. அந்தச் சுற்றில் முதலில் சிக்கியது கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்கூலி.

பிறகு கட்டணம் வந்தது. 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீத உயர்வு, 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். இந்தச் சராசரிகள் லயத்தில் நடந்ததைக் காட்டுவதில்லை. மாதம் 30 அலகுக்குள் பாவிக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லயத்து அறையில் இரண்டு விளக்கும் ஒரு தொலைக்காட்சியும் இருந்தால் அதுதான் பாவனை. பழைய கட்டணத்தில் அலகுக்கு 2 ரூபாய் 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபாய். 30 அலகுக்கு 105 ரூபாய். 2023 பெப்ரவரிக்குப் பிறகு அலகுக்கு 30 ரூபாய், நிலையான கட்டணம் 400 ரூபாய். அதே 30 அலகுக்கு 1,300 ரூபாய். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் போராடிப் பெற்ற ஆயிரம் ரூபாய். அடுத்து வந்த திருத்தங்களில் இந்தக் கட்டணம் இறங்கியது உண்மை. ஆனால் காசல்ரீயின் கரையில் வாழும் குடும்பம், காசல்ரீயின் நீர் தந்த மின்சாரத்துக்கு ஒரு நாள் உழைப்புக்கும் மேலான தொகையைக் கட்ட நேர்ந்தது; அதற்கான காரணம் வெளிநாட்டுக் கரியும் எண்ணெயும் ரூபாயின் வீழ்ச்சியும். நுரைச்சோலை மலையகத்துக்குத் தொலைவானது என்று இதற்குப் பிறகும் எவரும் சொல்ல முடியாது.

6. அடுத்த கட்டம் மீண்டும் மலைக்கு வருகிறது

நிலக்கரியின் விரிவாக்கம் இலங்கையில் ஏறத்தாழ நின்றுவிட்டது. சம்பூரில் இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் மின்சார சபையும் சேர்ந்து கட்டவிருந்த 500 மெகாவாட் நிலையம் கைவிடப்படுவதாக 2016 செப்டெம்பரில் உயர் நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. போரில் இடம்பெயர்ந்து திரும்பிய மக்கள் எழுப்பிய குரலும் அதில் உண்டு. இப்போது அங்கே சூரிய மின்நிலையம் வருகிறது. 2021 செப்டெம்பரில், புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்ற சர்வதேச உடன்படிக்கையை முன்னெடுத்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. இந்த முடிவுகளை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் கரி விலகும் இடத்தை எது நிரப்பும்? சூரியனும் காற்றும். 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், பகலில் கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்க வேண்டியிருந்தது. தேவை குறைந்த நாளில் வெயில் மின்சாரம் மிஞ்சியது. நடுப்பகலில் மிஞ்சுவதை மாலைக்குச் சேமிக்க வேண்டும். பற்றரி ஒரு வழி. இன்னொரு வழி, பகலில் கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து மேல் நீர்த்தேக்கத்துக்கு நீரை ஏற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுப்பது. அதற்கு உயரமான மலையும் இரண்டு நீர்த்தேக்கங்களும் வேண்டும். கேகாலை மாவட்டத்தில் மஹா ஓயாவில் 600 மெகாவாட் திட்டம் முன்மொழியப்பட்டிருக்கிறது. அந்த இடத்தைத் தேர்வதற்கு முன் நடந்த ஆய்வில் நுவரெலியா மாவட்டத்தின் ஹல்கரன் ஓயாவும் பட்டியலில் இருந்தது. ஒரு திட்டத்தோடு இது நிற்காது. கரிக்குப் பிந்திய மின்சாரம் மறுபடியும் மலையையும் நீரையும் சுரங்கப்பாதையையும் கேட்கும்.

ஆகவே கோரிக்கைகளை இப்போதே எழுத வேண்டும். இந்தியாவில் பெரிய நீர்மின் நிலையம் அமையும் மாநிலத்துக்கு 12 சதவீத மின்சாரம் விலையின்றிக் கிடைக்கிறது. 2008ஆம் ஆண்டின் நீர்மின் கொள்கை மேலும் 1 சதவீதத்தைச் சுற்றுவட்டார மக்களின் மேம்பாட்டு நிதிக்கு ஒதுக்கச் சொன்னது. அங்கும் நடைமுறையில் குறைகள் இருக்கலாம், ஆனால் உரிமை எழுத்தில் இருக்கிறது. இலங்கையில் லக்சபானத் தொகுதி தரும் ஒவ்வோர் அலகு மின்சாரத்துக்கும் ஒரு சிறு தொகை அந்தப் பள்ளத்தாக்குகளின் லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடு கட்டவும், மண்சரிவு அபாயத்திலிருக்கும் குடியிருப்புகளை மாற்றவும் ஒதுக்கப்பட வேண்டும். நுரைச்சோலை தரும் ஒவ்வோர் அலகு மின்சாரத்துக்கும் அதேபோல் ஒரு தொகை அந்தக் கடலோர ஊர்களின் நீருக்கும் உடல்நலத்துக்கும் போக வேண்டும். இரண்டு கோரிக்கைகளையும் ஒரே மனுவில் எழுதும்போதுதான் அதற்கு வலு. மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க வழிவகுத்த 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, யாருடைய கணக்கில் எந்தச் சுமை எழுதப்படும் என்பது புதிதாகத் தீர்மானிக்கப்படுகிறது. எழுதும் நேரத்தில் கேட்பது, எழுதி முடித்த பிறகு கேட்பதைவிட எளிது.

நீண்டகால மின்னுற்பத்தி விரிவாக்கத் திட்டம் இருபது ஆண்டுகளை நோக்கி எழுதப்படுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை திருத்தப்படுகிறது. எத்தனை மெகாவாட் கரி, எந்த ஆற்றில் எந்த அணை, எந்த ஆண்டில் எந்த நிலையம் மூடும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டணத்துக்கும் திட்டத்துக்கும் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. அந்த ஆவணம் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருக்கிறது. தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. குறைந்தது மத்திய மாகாணத்தையும் புத்தளத்தையும் தொடும் அத்தியாயங்களையேனும் தமிழில் தரும்படி கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இங்கே உயர்தரத்தில் பௌதிகவியலும் பொருளியலும் படிக்கும் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். அடுத்த வரைவு வெளிவரும்போது அதைச் சேர்ந்து படிக்க ஒரு குழுவை அமைக்கும்படி உங்கள் ஆசிரியர்களைக் கேளுங்கள். என்னிடமுள்ள முந்தைய திட்ட அறிக்கைகளின் பிரதிகளை இன்றே ஏற்பாட்டாளர்களிடம் ஒப்படைக்கிறேன். மஸ்கெலியாவிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் எழுத்துமூலமான கருத்துகள் ஆணைக்குழுவுக்குப் போகட்டும். முதல் கருத்து நீர்த்தேக்கக் கரையில் வாழும் குடும்பங்களின் கட்டணத்தைப் பற்றியதாகவும், இரண்டாவது நுரைச்சோலை மூடும் கால அட்டவணையைப் பற்றியதாகவும் இருக்கட்டும்.